முதலில் பாட்டு முடியட்டும், கேமராவைப் பிறகு பார்ப்போம்

குறைந்த பட்ஜெட்டில் மியூசிக் வீடியோ எடுக்க வரும் இசைக்குழுக்கள் முதலில் கேட்பது, "எந்தக் கேமரா?" என்றுதான். அடுத்த கேள்வி ட்ரோன். பாட்டு முடிந்துவிட்டதா என்று நான் கேட்டால், "கொஞ்சம் வேலை பாக்கி, ஷூட்டிங்குக்குள் முடிச்சிடுவோம்" என்பார்கள். பெரும்பாலும் பணம் வீணாவது இங்கேதான்.

ஷூட்டிங்கில் ஒலிக்கும் பாட்டுக்குத்தான் பாடகர் வாயசைக்கிறார், டிரம்மர் அடிக்கிறார். பிறகு பாட்டின் வேகத்தைச் சற்றே கூட்டினாலோ, ஒரு வரியை வேறு மாதிரி பாடிச் சேர்த்தாலோ, எடுத்து வைத்த காட்சிகளில் உதடு ஒட்டாது. கிடார் சத்தத்தை ஏற்றி இறக்குவதெல்லாம் பரவாயில்லை. நீளம், வேகம், குரல் மூன்றும் முடிவான பிறகு தேதி குறியுங்கள்.

அடுத்தது ஸ்பீக்கர். போனில் பாட்டை ஓடவிட்டு டிரம்ஸ் வாசிக்கச் சொன்னால், முதல் அடியிலேயே பாட்டு காணாமல் போய்விடும். நல்ல ஸ்பீக்கர் ஒன்றை வாடகைக்கு எடுங்கள், டிரம்மருக்குத் தனியாக இயர்போன் கொடுங்கள். டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பலின் அடிப்பக்கம் துணி ஒட்டினால் சத்தம் அடங்கும், படத்திலும் தெரியாது. கேமராவின் மைக்கை மட்டும் அணைத்துவிடாதீர்கள். அது பிடித்த கரகரப்பான ஒலியை வைத்துத்தான் எடிட்டிங்கில் காட்சியைப் பாட்டோடு பொருத்துவோம்.

அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். குழுவின் பக்கத்தில் ஸ்பீக்கரை வைத்துவிட்டு, 30 மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்தால், கேமராவுக்குப் பாட்டு இரண்டு ஃப்ரேமுக்கு மேல் தாமதமாக வந்து சேரும் (ஃப்ரேம் என்பது வீடியோவின் ஒரு தனிப் படம், விநாடிக்கு 25 என்ற கணக்கில்). மென்பொருள் தானாகப் பொருத்தியதை அப்படியே விட்டால் உதடு முந்தும், குரல் பிந்தும். பார்ப்பவருக்குக் காரணம் புரியாது, ஆனால் ஏதோ சரியில்லை என்று தோன்றிவிடும். காட்சியைக் கையால் நகர்த்திச் சரி செய்யுங்கள்.

கேமரா? இப்போதைய நல்ல போனே போதும், தானியங்கி அமைப்புகளைப் பூட்டி வைத்தால். பல போன்கள் வெளிச்சத்துக்கு ஏற்ப ஃப்ரேம் வேகத்தை மாற்றிக்கொள்ளும், பாட்டு போகப்போகப் பொருத்தம் நழுவும். வேகத்தை 25 என்று நிலைநிறுத்துங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமும் ஒளி வாங்கும் நேரம், 1/50 விநாடி இருந்தால், விளக்குகள் பெரும்பாலும் படத்தில் மினுக்காது.

ஸ்லோ மோஷன் ஆசைக்குச் செலவே இல்லாத வழி: பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, 50 ஃப்ரேமில் எடுத்து, 25-இல் ஓட்டுங்கள். உடை மிதக்கும், உதடு மட்டும் பாட்டோடு சரியாகப் போகும். அந்த வேகத்தில் பாடிப் பழக வேண்டும், அதை வீட்டிலேயே செய்துவிடுங்கள்.

நேரக் கணக்கும் போடுங்கள். 4 நிமிடப் பாட்டு, ஐந்து பேர். மொத்தக் குழுவுக்கு மூன்று டேக் (பாட்டை முழுதாக ஒருமுறை எடுப்பது ஒரு டேக்), ஆளுக்கு இரண்டு டேக் என்றாலே பாட்டு ஓடும் நேரம் மட்டும் 52 நிமிடம். விளக்கு மாற்றுவது, வியர்வை துடைப்பது எல்லாம் சேர்ந்தால் அரை நாள் போய்விடும். அதனால்தான் ஒரே இடம் போதும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். இடம் மாறும்போது போகும் நேரம் வாடகைக் கணக்கில் எழுதப்படாத செலவு.

அப்புறம், உரிமை. ஏற்கெனவே வந்த பாட்டைப் புதிதாகப் பாடி எடுத்தாலும் அதன் இசை, வரிகளுக்கு உரிமை வைத்திருப்பவரின் அனுமதி வேண்டும். பாட்டைத் தானாக அடையாளம் காணும் யூடியூபின் கன்டென்ட் ஐடி அமைப்பு கண்டுபிடித்தால் வருமானம் அவர்களுக்குப் போகலாம், வீடியோவே முடங்கலாம். சொந்தப் பாட்டு என்றாலும் வீடியோ யாருக்குச் சொந்தம், எடிட்டிங்கில் எத்தனை முறை திருத்தம் கேட்கலாம் என்பதை ஷூட்டிங்குக்கு முன்பே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நண்பர்தானே என்று விட்ட இடத்தில்தான் நட்பு முறிவதைப் பார்க்கிறேன். எடுத்தவை இரண்டு டிஸ்க்குகளில் ஏறி, அவற்றை ஓட்டிப் பார்த்த பிறகே மெமரி கார்டை அழிக்க விடுங்கள்.