கல்லுக்குப் பின்னால் நிற்கும் தண்ணீர்

"கடலுக்குப் பக்கத்தில இருந்துகொண்டு கடலை ஏன் தம்பி பெட்டிக்குள்ள அடைக்கிறாய்?" என்று திருகோணமலை உப்புவெளியில் எங்கள் பக்கத்து வீட்டு ஐயா கேட்காத மாதம் கிடையாது. என்னிடம் இருப்பது 60 லீற்றர் கடல்நீர்த் தொட்டி. ஒரு சோடிக் கோமாளி மீன், நாலைந்து நத்தைகள், ஒரு துறவி நண்டு, கொழும்பில் வாங்கிய செயற்கைக் கற்கள். கடலில் இருந்து பவளத்தைப் பெயர்ப்பது சட்டப்படி தடை. புறாமலைத் தீவின் பவளப்பாறையை ஒருமுறை முகமூடி போட்டுத் தண்ணீருக்குள் குனிந்து பார்த்தவருக்கு, சட்டம் இல்லாவிட்டாலும் கை வராது.

ஐயாவின் கேள்வியைவிட என்னைக் குடைந்தது வேறொன்று. வெளியே கடற்பாறையில் பாசி உண்டு, ஆனால் சளிபோல ஒன்று போர்த்திக் கிடப்பதில்லை. அதே கடலில் அள்ளிய தண்ணீர்தான் என் தொட்டியிலும். அங்கே பெரிய கல்லுக்குப் பின்னால் மட்டும் கருஞ்சிவப்பாக ஒரு படலம் வரும். உறிஞ்சி எடுத்தால் மூன்றாம் நாள் திரும்பி வரும்.

இந்தச் சிவப்பு உண்மையில் பாசியே இல்லை. சயனோபக்டீரியா. பழைய பாடப்புத்தகத்தில் 'நீலப்பச்சைப் பாசி' என்று படித்திருப்போம். சிவப்பாக வந்து நிற்கிறபோது அந்தப் பெயர் பகிடியாகத்தான் இருக்கிறது. பகலில் அதன்மேல் முத்து முத்தாக ஒட்டியிருக்கும் குமிழிகள், அது ஒளித்தொகுப்பால் விடும் ஒட்சிசன். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் வளிமண்டலத்தில் ஒட்சிசன் சேரத் தொடங்கியது இதன் முன்னோர்களால். அவ்வளவு பழைய குடியை வாரத்துக்கு ஒருமுறை துடைத்து வெளியேற்றிவிடலாம் என்று நான் நினைத்திருக்கக் கூடாது.

அது ஏன் அந்த மூலையைத் தேர்ந்தெடுத்தது? தண்ணீர் அங்கே ஓடவில்லை. சரி, ஓடாவிட்டால் என்ன?

எந்தப் பரப்பின் மேல் தண்ணீர் ஓடினாலும், பரப்பை ஒட்டிய தண்ணீர் நகர்வதில்லை. கல்லோ மீனின் செவுளோ, மேலே எவ்வளவு வேகமாக ஓடினாலும் ஒட்டியிருக்கும் மெல்லிய படை அப்படியே நிற்கும். ஒட்சிசனும் உணவும் கழிவும் அந்தப் படையை ஓடிக் கடக்க முடியாது, மூலக்கூறு மூலக்கூறாக ஊர்ந்துதான் கடக்க வேண்டும். ஊர்வதில் ஒரு கொடுமையான கணக்கு இருக்கிறது: தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். தண்ணீரில் கரைந்த ஒட்சிசன் 0.1 மில்லிமீற்றர் கடக்க ஏறத்தாழ இரண்டரை விநாடி எடுக்கும். 1 மில்லிமீற்றருக்கு நான்கு நிமிடம். 1 சென்ரிமீற்றருக்கு ஏழு மணித்தியாலம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த இரவு, கல்லின் பின்பக்கத்தை வேறு கண்ணால் பார்த்தேன். அங்கே தண்ணீர் இருந்தது, ஆனால் தொட்டியின் மற்றப் பகுதியோடு அதற்குத் தொடர்பே இல்லை.

மீன் தின்னாத உணவும் மீனின் கழிவும் ஓட்டம் செத்த இடத்தில் போய் விழும். அவை அங்கே அழுகி அமோனியாவையும் பொஸ்பேற்றையும் விடும். ஒட்சிசன் ஊர்ந்து வருவதற்குள் அங்குள்ள பக்டீரியாக்கள் இருந்ததையும் குடித்து முடித்துவிடும். சயனோபக்டீரியாவுக்கு இது அடுப்படியில் படுக்கை போட்டுக் கொடுத்த மாதிரி. அதன் விரிப்புக்கு உணவு கீழிருந்தே வருகிறது, நீரோட்டம் கொண்டுவந்து தர வேண்டியதில்லை. ஓட்டம் வந்தால் விரிப்பே பிய்ந்துபோகும்.

அப்போ பெரிய பம்பி ஒன்று வாங்கிப் போட்டால் முடிந்ததா? நானும் அப்படித்தான் செய்தேன். சிவப்பு குறைந்தது. ஆனால் ஒரு மாதத்தில் கல்லின் முன்பக்கத்தில் பச்சை மயிர்ப்பாசி தாடிபோல வளர்ந்தது. நின்ற நீர்ப்படையை ஓட்டம் மெலிதாக்கும்போது, மீனுக்கு ஒட்சிசன் எளிதாகக் கிடைப்பதுபோலப் பாசிக்கும் நைத்திரேற்றும் பொஸ்பேற்றும் எளிதாகக் கிடைக்கும். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்ட்டர் ஏடி இதையே பயனாக்கி, ஒரு வலைமேல் தண்ணீரை அலையலையாக விட்டு வேண்டுமென்றே பாசி வளர்த்து, அதை அறுத்து எறிந்து தொட்டி நீரைச் சுத்தம் செய்தார். பாசியோடு சேர்ந்து நைத்திரேற்றும் பொஸ்பேற்றும் வெளியேறிவிடும். நான் அதே வளர்ப்பைச் செய்துவிட்டு அறுவடையை மறந்திருந்தேன்.

நீரோட்டம் தும்புத்தடி மாதிரி. கூட்டிக் குவிக்கும், அள்ளாது. வடிகட்டியின் பஞ்சு, வாரம் ஒருமுறை பத்து வீதம் தண்ணீர் மாற்றுவது, பாசி மேயும் நத்தை என்று அள்ளுவதற்கு வேறு ஆட்கள் வேண்டும். பஞ்சை மூன்று நாளுக்கு ஒருமுறை கழுவாவிட்டால், அதில் சிக்கிய குப்பை அங்கேயே அழுகி மறுபடி தண்ணீரில்தான் கரையும். உணவையும் பாதியாக்கினேன். பசி என்று மீன் காட்டுகிற முகத்தை நம்பவே கூடாது.

பம்பி விஷயத்துக்கு வருகிறேன். பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் பொதுவாக மணித்தியாலத்துக்குத் தொட்டிக் கொள்ளளவின் 20 முதல் 40 மடங்கு ஓட்டம் என்பார்கள். என் 60 லீற்றருக்கு அது 1200 முதல் 2400 லீற்றர். ஆனால் எண்ணைவிடத் திசைதான் முக்கியம். சீரான ஓட்டத்தில் வேகத்தை இரட்டித்தாலும் அந்த நின்ற படை பாதியாவதில்லை, பத்தில் ஏழு பங்காகத்தான் மெலியும். கல்லின் நிழலுக்குள் ஓட்டம் நுழையவே இல்லையென்றால், இரட்டித்தும் பயனில்லை. கடலில் அலை சில விநாடிக்கு ஒருமுறை முன்னும் பின்னுமாகப் புரட்டுவதால் பாறைக்கு நிரந்தரமான பின்பக்கமே கிடையாது. தென்மேற்குக் கச்சான் காற்றுக் காலத்தில் குளம்போலக் கிடக்கிற எங்கள் கடலிலும் அந்தச் சின்னப் புரட்டல் நிற்பதில்லை.

பெரிய பம்பியைக் கழற்றிவிட்டு இரண்டு சிறியதை எதிரெதிர் மூலையில் வைத்து, இரண்டு ஓட்டமும் கண்ணாடியின் நடுவில் மோதும்படி திருப்பினேன். மோதுகிற இடத்தில் ஓட்டம் ஒரு திசையில் நிலைக்காது. கற்களைப் பின்கண்ணாடியில் இருந்து மூன்று விரல் தள்ளி வைத்தேன். செலவில்லாத சோதனை ஒன்று உண்டு: உணவை நன்றாகப் பொடியாக்கி ஒரு சிட்டிகை விட்டு, எது எங்கே போய் உட்காருகிறது என்று பாருங்கள். உட்காருகிற இடம்தான் நாளைய சிவப்பு மூலை. பம்பிக்குள் சுண்ணாம்பு படிந்தால் பெட்டியில் எழுதிய லீற்றர் வராது. வினாகிரியில் ஊறவிட்டுத் தேய்த்தால் திரும்பி வரும்.

ஒரு பம்பியையாவது நீரின் மேற்பரப்பு நெளிந்து கலங்கும்படி வையுங்கள். ஒட்சிசன் உள்ளே வரும் வாசல் அந்த மேற்பரப்புத்தான். எங்கள் வெயிலில் தொட்டி 30 பாகை சுலபமாகத் தொடும். அந்தச் சூட்டில் கடல்நீர் லீற்றருக்கு 6 மில்லிகிராம் சொச்சம் ஒட்சிசனைத்தான் பிடித்து வைக்கும். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் போன நாட்களில் இதைப் பயத்தோடு கற்றேன். பற்றரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பிதான் மீன்களைக் காப்பாற்றியது. குமிழியில் இருந்து கரையும் ஒட்சிசன் கொஞ்சம்தான், குமிழி மேலே வந்து நீர்மட்டத்தைக் குலுக்குவதே பெரிய வேலை.

கடல்நீர் அள்ளுபவர்களுக்கு ஒன்று. மகாவலி கடலில் கலப்பது கொட்டியாரக்குடாவில். மாரி மழைக்குப் பின் அந்தப் பக்கத்துத் தண்ணீரில் உப்புக் குறையும், ஆறு கொண்டுவரும் வண்டலும் உரச்சத்தும் கூடும். அள்ளிய பின் உப்படர்த்தி (நல்ல தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025 இருக்கிறதா என்று பாருங்கள். தொட்டியில் ஆவியாகிக் குறைகிற நீரை மட்டும் உப்பில்லாத நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டும். ஆவியாகும்போது உப்பு வெளியே போவதில்லை.

இப்போது இடப்பக்க மூலையில் பெருவிரல் நகம் அளவு சிவப்பு மிச்சம் இருக்கிறது. அதை நான் துடைப்பதில்லை. அது நகத்தைத் தாண்டிப் பரவுகிற நாளில், பஞ்சு கழுவ மறந்திருப்பேன்.