புள்ளிக்கு இடப்பக்கம் என்ன இருக்கிறது?

புரோகிராம் எழுதும் மொழியான ஜாவாவில் ஸ்ட்ரிங்பில்டர் என்றொரு கிளாஸ் உண்டு. கிளாஸ் என்பது வார்ப்பு; அதிலிருந்து உருவாகும் ஒவ்வொரு பொருளும் ஒரு ஆப்ஜெக்ட். துண்டு துண்டான எழுத்துகளைச் சேர்த்து நீளமான வாசகம் கட்டுவதற்கானது. கடைசியில் எழுத்துகளைச் சேர்க்கும் அதன் அப்பெண்ட் மெத்தடை (கிளாஸுக்குள் எழுதப்பட்ட ஒரு செயல்) அழைத்து, புள்ளி வைத்து, மறுபடி அப்பெண்ட், மறுபடி புள்ளி என்று ஒரே வரியில் எழுதிக்கொண்டே போகலாம். இதற்கென்று மொழியில் தனி வசதி இருப்பதுபோலத் தோன்றும். அப்படி எதுவும் இல்லை.

புள்ளி தன் இடப்பக்க மதிப்பை எடுத்து, வலப்பக்க மெத்தடை அதன்மேல் அழைக்கும். அவ்வளவுதான். இடப்பக்கம் இருப்பதே ஒரு மெத்தட் அழைப்பு என்றால், அது திருப்பித் தந்த மதிப்புதான் அடுத்த புள்ளிக்குக் கிடைக்கும். வரி எந்த ஆப்ஜெக்டில் தொடங்கியது என்பது அதற்குத் தெரியாது. அப்பெண்ட் வேலையை முடித்ததும் 'திஸ்', அதாவது தன்னையே திருப்பித் தருகிறது. சங்கிலி நீள்வது அதனால்தான். அந்த இடத்தில் 'வாய்டு', அதாவது எதையும் திருப்பித் தராது என்று அறிவித்திருந்தால், புரோகிராமை ஓடும் முன்பே சரிபார்க்கும் கம்பைலர் இரண்டாவது புள்ளியிலேயே நிறுத்திவிடும்.

சாதாரண ஸ்ட்ரிங்கிலும், அதாவது எழுத்துத் தொடரிலும், ஓரத்து இடைவெளியை நீக்கும் ட்ரிம், அப்புறம் பெரிய எழுத்தாக்கும் டூஅப்பர்கேஸ் என்று கோக்கலாம். ஆனால் ஸ்ட்ரிங்கை மாற்றவே முடியாது. மாற்றம் தேவைப்பட்டால் புதிய ஸ்ட்ரிங் வரும், பழையது அப்படியே கிடக்கும். விடையை ஒரு மாறியில் வாங்கி வைக்காவிட்டால் செய்த வேலை வீண். அப்பெண்டிலோ வாங்காமல் விட்டாலும் ஆப்ஜெக்ட் மாறியிருக்கும். எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதுதான் ஆபத்து.

பைத்தான் என்ற இன்னொரு மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசம் இதே காரணத்துக்காகத்தான் பிடிவாதமாக நின்றார். பட்டியலின் சார்ட் மெத்தட் பட்டியலையே வரிசைப்படுத்திவிட்டு 'நன்', அதாவது 'ஒன்றுமில்லை' என்பதைத் தரும். தொடர்ந்து கோக்க முடியாது. புதிய பட்டியல் வேண்டுமென்றால் சார்ட்டட் இருக்கிறது. ஆப்ஜெக்டை மாற்றும் மெத்தட்களைக் கோத்து எழுதினால், ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று படிப்பவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று 2003-ல் அவர் விளக்கினார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஒரு தாய் கிளாஸின் மெத்தட்களைப் பெற்று உருவாகும் வாரிசு (சேய்) கிளாஸ்களில் வேறொரு சிக்கல். தாய் கிளாஸின் மெத்தட் தன்னையே தந்தாலும், அறிவிப்பில் இருப்பது தாயின் வகை. ஓடும்போது வருவது சேய் ஆப்ஜெக்ட்தான். கம்பைலருக்கோ அறிவிப்புதான் கணக்கு. ஆகவே சேய்க்கு மட்டுமே உரிய மெத்தடை அடுத்துக் கோத்தால் பிழை காட்டும். 2004-ல் வந்த ஜாவா 5 இதற்கு வழி செய்தது: சேய் கிளாஸ் அதே மெத்தடைத் தனக்காக மறுபடி எழுதும்போது, திருப்பித் தரும் வகையைத் தன் வகையாகவே அறிவிக்கலாம். அந்தப் பதிப்பில் அறிமுகமான ஸ்ட்ரிங்பில்டரே இப்படி எழுதப்பட்டதுதான். சி ஷார்ப்புக்கு இந்த வசதி 2020-ல், 9-ஆம் பதிப்பில் கிடைத்தது.

சங்கிலியின் நடுவில் ஏதாவது ஒரு மெத்தட் 'நல்' (எந்த ஆப்ஜெக்டும் இல்லை என்ற மதிப்பு) தந்துவிட்டால், வகை சரியாக இருந்தும் புரோகிராம் அங்கேயே விழும். முன்பெல்லாம் ஜாவா வரி எண்ணை மட்டும் சொல்லும். ஒரே வரியில் ஐந்து அழைப்புகள் இருந்தால் எது காரணம் என்று நாம்தான் தேட வேண்டும். 2020-ல் வெளியான ஜாவா 14-இலிருந்து, எந்த மெத்தட் தந்த மதிப்பு 'நல்' என்பதைப் பிழைச் செய்தியே சொல்ல முடியும்.