"பக்கப் எடுத்துத்தானே வச்சனான் தம்பி"

போன திங்கட்கிழமை கடை திறக்க வரும்போதே வாசலில் ஓர் அக்கா நின்றார். தருமபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர். கையில் துவாயால் சுற்றிய ஹாட் டிஸ்க். செருகினேன். டிக், டிக், டிக். உடனே வயரைக் கழற்றிவிட்டேன். அலுமாரியின் மேல்தட்டிலிருந்து விழுந்ததாம்.

"நான் பக்கப் எடுத்துத்தானே வச்சனான் தம்பி" என்றார். பக்கப் என்றால், ஒன்று போனாலும் கையில் இருக்கிற இன்னொரு பிரதி.

கிளிநொச்சியில் கம்ப்யூட்டர், போன் திருத்துகிற இந்தக் கடையைப் போட்ட நாளிலிருந்து கேட்கிற வசனம்தான். ஆனால் இந்த மாதத்தில் மட்டும் இது நான்காவது தடவை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நடந்தது இதுதான். அக்காவின் போன் நிறைந்துவிட்டது. மகன் படங்களை டிஸ்கில் ஏற்றிவிட்டு, போனில் இருந்தவற்றை அழித்துவிட்டான். மகளின் சாமத்தியவீடு, புதுவீடு குடிபுகுந்தது, அம்மம்மாவின் கடைசி வருசம் எல்லாம் அந்த ஒரு டிஸ்கில்.

இது பக்கப் இல்லை. படங்கள் வீடு மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். விதைநெல்லை ஒரு சாக்கிலிருந்து இன்னொரு சாக்குக்குக் கொட்டிவிட்டு, இப்போது என்னிடம் இரண்டு சாக்கு நெல் இருக்கிறது என்று எந்தக் கமக்காரனும் சொல்லமாட்டான். படம் என்றால் மட்டும் சொல்கிறோம். "இல்லைத் தம்பி, நல்ல கொம்பனி டிஸ்க், விலை கூட" என்பார்கள். விலை கூடின டிஸ்கும் கீழேதான் விழும். ஒரே படம் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருக்கவேண்டும். உங்கள் டிஸ்கை இப்போது நான் சுத்தியலால் அடித்து உடைக்கிறேன் என்று வையுங்கள். படம் வேறு எங்காவது இருக்கிறதா? இருந்தால் பக்கப். நெஞ்சு பகீர் என்கிறதா? அப்படியென்றால் உங்களிடம் பக்கப் இல்லை.

சத்தம் போடுகிற டிஸ்கைத் திரும்பத் திரும்பச் செருகிப் பார்க்காதீர்கள். உள்ளே தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 தரம் சுற்றுகிறது. அதை வாசிக்கிற முனை தட்டைத் தொடாமல், மயிரிழையைவிட மிகக் குறைந்த இடைவெளியில் நிற்கவேண்டியது. முனை பழுதானால், ஓடவிடுகிற ஒவ்வொரு தரமும் அது சுரண்டுவது உங்கள் படங்களைத்தான். யூடியூப்பைப் பார்த்துவிட்டு டிஸ்கைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்த ஒரு தம்பியும் வந்தார். அவருக்கு நான் சொன்னதை இங்கே எழுத ஏலாது.

போனிலும் இதே கதைதான். லொக்கை மறந்து ரீசெட் பண்ணிவிட்டு வந்து, "சொப்ட்வெயார் போட்டு எடுங்கோ" என்பார்கள். இப்போதைய போன்களுக்குள் படங்கள் பூட்டுப் போட்டபடிதான் கிடக்கின்றன. ரீசெட் பண்ணினால் திறப்பே அழிந்துபோகும். எடுத்துத் தருகிறேன் என்று யாராவது முற்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

"கூகுளில் இருக்குத்தானே?" இருக்கலாம். 2021 ஜூன் 1 முதல் கூகுள் போட்டோஸில் அளவில்லாத இலவச இடம் இல்லை. 15 ஜிபிதான், அதிலும் மெயிலுக்குப் பங்கு உண்டு. நிறைந்துவிட்டால் புதுப்படம் மேலே போகாது. அறிவித்தல் வரும், நாங்கள் விரலால் தள்ளிவிடுவோம். இன்னொன்று: அந்த அப்பில் அழித்தால் போனிலும் போகும், கூகுளிலும் போகும். குப்பைத்தொட்டியில் 60 நாள் கிடக்கும், அதற்குள் ஓடிவாருங்கள். இரண்டு வருசம் தொடாத கணக்கையே கூகுள் அழிக்கலாம். அப்பாவின் கணக்கு என்றால், பாஸ்வேர்ட் எந்தக் கொப்பியில் இருக்கிறது, கோட் வருகிற சிம் யாரிடம் இருக்கிறது என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள்.

வன்னிச் சனத்துக்கா இதைச் சொல்லித்தர வேண்டும் என்று சிலநேரம் கோபம்கூட வரும். 2009இல் முள்ளிவாய்க்கால்வரை இடம்பெயர்ந்தவர்களில் பட அல்பத்தோடு வெளியே வந்தவர்கள் எத்தனை பேர்? பங்கருக்குள் விட்டதும் மண்ணில் தாட்டதும் போனதுதான். இன்று என்னிடம் ஸ்கேன் பண்ணக் கொண்டுவருகிற பழைய கலியாணப் படங்களில் பாதி, அந்தக் காலத்தில் கடிதத்துக்குள் வைத்து லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் அனுப்பிய பிரதிகள். அங்கே இருந்ததால் தப்பித் திரும்பி வந்தவை. 2017 பெப்ரவரியில் கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கிய நாட்களில், அடையாள அட்டை அளவுப் படங்களைப் பெருப்பித்துக் கொடுத்திருக்கிறேன். "கண்ணைக் கொஞ்சம் தெளிவாக்க ஏலாதோ?" என்று ஒரு தாய் கேட்டார். அந்தப் படத்தில் கண் இருந்த இடத்தில் இரண்டு கறுப்புப் புள்ளிதான் இருந்தது.

எங்கள் தொழிலில் சொல்கிற கணக்கு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. வெளியே என்றால் வெளியேதான். 2018 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு, இரண்டு டிஸ்கையும் ஒரே அலுமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்த ஒருவரும் என்னிடம் வந்தார். போனிலும் கூகுளிலும் இருக்கட்டும், ஒரு டிஸ்கிலும் இருக்கட்டும். இன்னொரு டிஸ்கை வவுனியாவில் தங்கச்சி வீட்டில் வையுங்கள், அல்லது வெளிநாட்டிலிருந்து திருவிழாவுக்கு வருகிற சித்தப்பாவின் பெட்டிக்குள் போட்டு விடுங்கள். தைப்பொங்கலுக்கு ஒருமுறை, பள்ளிக்கூட ஓகஸ்ட் விடுமுறையில் ஒருமுறை புதுப்படங்களை ஏற்றி, பத்துப் படத்தைத் திறந்தும் பாருங்கள். பென்ட்ரைவ் கொண்டுபோகத்தான், வைத்திருக்க அல்ல. ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கும்போது டிஸ்க் செருகியபடி இருக்கக்கூடாது. வட்ஸ்அப் குறூப்பில் கிடக்கிறது என்பதைத் தயவுசெய்து கணக்கில் சேர்க்காதீர்கள். அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும்.

அக்காவின் டிஸ்க் கொழும்புக்குப் போயிருக்கிறது. அங்கே பழுதான டிஸ்கிலிருந்து படங்களை மீட்டெடுப்பவர்கள் கேட்கிற காசுக்குப் பல புது டிஸ்க் வாங்கலாம், அப்படியும் படங்கள் வருமென்று உறுதி இல்லை. சாமத்தியவீட்டுக்குப் படம் எடுத்தவரிடம் கேட்டோம், அவர் எப்போதோ அழித்துவிட்டாராம். பிரான்ஸிலுள்ள தங்கச்சி, தனக்கு வைபரில் வந்திருந்த 38 படங்களைத் திருப்பி அனுப்பினார். அதில் மகள் குத்துவிளக்கடியில் நிற்கிற படம் ஒன்று. போனில் பார்க்க நல்லாய்த்தான் இருக்கிறது. பிரேம் அளவுக்குப் பெருப்பித்தால் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது. அக்காவுக்குத் திரையில் காட்டினேன். கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், அதையே பிரேம் போடச் சொல்லிவிட்டார்.