‘கேட்டான்’ எந்த அகராதியிலும் இல்லை

புதுச்சேரியில் தமிழைப் புதிதாகக் கற்பவர்கள் நிறையப் பேர். விடுமுறைக்குப் பிரான்சிலிருந்து வரும் சொல்தா (பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்) வீட்டுப் பேரப்பிள்ளைகள், ஆரோவில்வாசிகள், வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட வடமாநிலத்தவர். எழுத்துக்கூட்டிப் படிக்க வந்ததும் அகராதியைத் திறக்கிறார்கள். ‘கேட்டான்’ என்று தேடினால் கிடைப்பதில்லை. நாலைந்து முறை இப்படி ஆனதும் அகராதியை மூடிவிட்டு மொழிபெயர்ப்புச் செயலிக்குப் போய்விடுகிறார்கள். அது அந்த வரியின் பொருளைச் சொல்லிவிடும். ‘கேள்’ என்ற வேரைக் காட்டாது. மறுநாள் ‘கேட்கிறாள்’ வந்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

தமிழில் சொல் வலப்பக்கமாக வளர்கிறது. ஆகவே வேரைக் கண்டுபிடிக்க ஒட்டுகளை உரிப்பதும் வலப்பக்கத்திலிருந்துதான். தெருப்பலகையில் ‘நிறுத்தாதீர்கள்’ என்று இருக்கிறது. ‘ஈர்கள்’ போனால் ‘நிறுத்தாத்’. எதிர்மறை ‘ஆத்’ போனால் ‘நிறுத்த்’. இப்படி மெய் தொங்கிக்கொண்டு நின்றால் ஓர் உகரம் சேர்த்துப் பாருங்கள்: நிறுத்து. இந்த உகரத்தை மறப்பதால்தான் பாதித் தேடல் வீணாகிறது.

பெயர்ச்சொல்லில் உரித்த பிறகு கொஞ்சம் பழுதுபார்க்க வேண்டும். வீட்டை – வீடு, ஆற்றில் – ஆறு, மரத்தை – மரம். மூன்றாவதில் ‘அத்து’ சாரியை (சொல்லுக்கும் வேற்றுமை உருபுக்கும் நடுவே வரும் ஒட்டு) வந்து மகரத்தைத் தள்ளிவிட்டது. ஆனால் ‘த்தை’ என்று முடிவதையெல்லாம் மகரமாக்கக் கூடாது. ‘கருத்தை’ என்பதற்கு மூலம் ‘கருத்து’தான்.

உரிப்பதற்கு முன் ஒன்று செய்ய வேண்டும். முழுச்சொல்லையும் அப்படியே ஒருமுறை தேட வேண்டும். ‘கடலைப் பார்த்தேன்’, ‘கடலை வாங்கினேன்’. நம் கடற்கரைச் சாலையில் இரண்டும் ஒரே மாலையில் நடக்கும். முதலாவது கடல்+ஐ. இரண்டாவது வேர்க்கடலை, அதில் உரிக்க ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ‘ஐ’யை வெட்டுகிறவருக்குக் கடலையும் கடலாகிவிடும், மாலை, விலை, தலை எல்லாம் உடையும். இன்னொன்று, கணினியில் சொல்லைத் தேர்ந்தெடுத்து ஒட்டும்போது ‘கடலைப்’ என்று ஒற்றோடு ஒட்டினால் ஒன்றும் வராது. கடைசியில் க், ச், த், ப் நின்றால் முதலில் அதை நீக்குங்கள்.

வினைதான் உண்மையில் சிரமம். இறந்தகாலத்தில் பல வினைகளில் வேரின் கடைசி எழுத்தே உருமாறிவிடுகிறது. வடிவத்தைப் பார்த்து ஒரே விடை சொல்ல முடியாது. இரண்டு மூன்றைச் சோதித்துத்தான் ஆகவேண்டும். ‘ட்டு’ என்றால் ‘ள்’ (கேட்டு – கேள்) அல்லது ‘டு’ (போட்டு – போடு). ‘ற்று’ என்றால் ‘ல்’ (கற்று – கல்) அல்லது ‘று’ (பெற்று – பெறு). ‘ன்று’ என்றால் ‘ல்’ (சென்று – செல்) அல்லது ‘ன்’ (தின்று – தின்). ‘ண்டு’ என்றால் ‘ள்’ (உருண்டு – உருள்) அல்லது ‘ண்’ (உண்டு – உண்). வந்து – வா, தந்து – தா, கண்டு – காண் போன்றவற்றை மனப்பாடமே செய்துவிடலாம். அடிக்கடி வருபவை சிலதான்.

எந்த அகராதி என்பதும் முக்கியம். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி வேரைத் தலைச்சொல்லாக வைத்து, பக்கத்திலேயே ‘கேட்க, கேட்டு’ என்று இரண்டு வடிவங்களைத் தருகிறது. கற்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியில் வினை தொழிற்பெயராக நிற்கும். ‘அடை-தல்’, ‘அடை-த்தல்’ என்று இரண்டு பதிவுகள் இருக்கும். கதவை அடைத்தான், ஊரை அடைந்தான். எது எதற்கு என்று குழம்புகிறவர்கள் பக்கத்திலுள்ள, வினையின் வகையைக் காட்டும் எண்ணைப் பார்ப்பதில்லை. 4 என்றால் இறந்தகாலத்தில் ‘ந்த்’ வரும், 11 என்றால் ‘த்த்’. வாசிக்கும் வரியில் ‘அடைந்தது’ என்று இருந்தால் 4ஆம் எண் பதிவு மட்டும் போதும். அச்சு அகராதியில் பக்கம் புரட்டும்போது ற, ன இரண்டும் மெய் வரிசையின் கடைசியில் வரும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். ‘மனம்’ என்பதை ‘மந்தம்’ பக்கத்தில் தேடி அலைபவர்கள் பலர்.

காதில் விழுந்த சொல்லுக்கு ஒரு படி கூடுதல். முதலில் எழுத்துத் தமிழாக்க வேண்டும், பிறகு உரிக்க வேண்டும். ‘வந்துட்டிருக்காங்க’ என்பதில் ஒளிந்திருப்பது ‘கொண்டு’. இன்னும் வழியில் இருக்கிறார்கள். ‘வந்துட்டாங்க’ என்பதில் இருப்பது ‘விடு’, வாசலுக்கே வந்தாயிற்று. இரண்டிலும் ‘ட்ட’ ஒரே மாதிரி ஒலிப்பதால் இந்த இடத்தில் சறுக்காதவர் அரிது.

நோட்டில் வினையை எழுதும்போது பொருளோடு நிறுத்த வேண்டாம். ஒரே வரியில் மூன்று வடிவங்களையும் எழுதச் சொல்லுங்கள்: கேள், கேட்க, கேட்டு. நில், நிற்க, நின்று. பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து ‘போயிட்டாங்கன்னா என்ன?’ என்று கேட்டால், பொருளைச் சொன்ன கையோடு ‘போ’, ‘விடு’ என்ற இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். அடுத்த முறை ‘சாப்பிட்டுட்டாங்க’ என்று காதில் விழும்போது பாதியையாவது அந்தப் பிள்ளையே பிரித்துவிடும்.