ரிங்டோன் வைக்க ஆப் எதுக்கு?

நேற்று மதியம் என் செல்போன் ரிப்பேர் கடைக்கு ஒரு அம்மா வந்தார். தீப்பெட்டி ஆபீசில் வேலை. சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருக்கிறார், தூக்குவாளி கையிலேயே இருந்தது. "தம்பி, போனைத் திறந்தாலே சீட்டாட்ட விளம்பரமா வருது. மகன் பாத்தா நான் ரம்மி ஆடுறேன்னு நினைப்பான்" என்றார். வாங்கி லாக்கை எடுத்தேன். திரை முழுக்க விளம்பரம். மூடினால் அடியில் இன்னொன்று.

"புதுசா என்னம்மா ஏத்துனீங்க?"

"ஒண்ணும் ஏத்தலையே. பேரன் குரலை ரிங்டோனா வச்சேன், அவ்வளவுதான்."

இந்த மாதம் இது நாலாவது போன். அதனால்தான் கடையை அடைத்துவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

சென்னையில் இருக்கும் பேரன் "ஆச்சி, போனை எடு ஆச்சி" என்று வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறான். பக்கத்து வீட்டுப் பையன் அதை ரிங்டோன் ஆக்கித் தருவதாக உட்கார்ந்திருக்கிறான். ரிங்டோன் பட்டியலில் ஃபைல் தெரியவில்லை. வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் ஓபஸ் வடிவத்தில் இருக்கும், சில போன்களின் பட்டியல் அதைக் காட்டாது. உடனே கூகுளில் 'எம்பி3 கன்வெர்ட்டர்' என்று தேடி, ஏதோ ஒரு தளத்திலிருந்து ஏபிகே ஃபைலை, அதாவது ப்ளே ஸ்டோர் இல்லாமல் ஆப்பை நேரடியாக ஏற்றும் ஃபைலை, இறக்கிவிட்டான். அது கேட்டதற்கெல்லாம் 'சரி'. மற்ற ஆப்களின் மேல் காட்டலாமா? சரி. எஸ்எம்எஸ் படிக்கலாமா? சரி.

முடி வெட்ட வந்தவர் பீரோ சாவி கேட்டால் கொடுப்பீர்களா? பாட்டு வெட்டுகிற ஆப்புக்கு உங்கள் எஸ்எம்எஸ்ஸில் என்ன வேலை? பேங்க் ஓடிபி வருகிற இடம் அது. ரிங்டோன் ஆப்புக்கு ஃபைலைப் பார்க்க அனுமதி வேண்டும், போன் செட்டிங்கை மாற்ற அனுமதி வேண்டும், ஆளுக்கொரு டோன் வைப்பதென்றால் காண்டாக்ட்ஸ் வேண்டும். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். எஸ்எம்எஸ், அக்சசிபிலிட்டி (திரையில் இருப்பதைப் படித்து, உங்களுக்குப் பதில் பட்டனையும் அமுக்கும் அனுமதி) என்று கேட்டால் அந்த நிமிடமே தூக்கி எறியுங்கள். ஜோக்கர் என்று ஒரு வைரஸ் குடும்பம் உண்டு. உங்களுக்குத் தெரியாமலே காசு பிடுங்கும் சேவைகளில் உங்களைச் சேர்த்துவிடுவதுதான் அதன் தொழில். அந்த வகையில் 1,700 ஆப்களைப் பிடித்து நீக்கியதாக கூகுளே 2020 ஜனவரியில் சொன்னது. ப்ளே ஸ்டோருக்கே அந்த நிலைமை என்றால், வழியில் கிடந்த ஏபிகேயை யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, ரிங்டோன் எப்படித்தான் வைப்பது? ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், சவுண்ட், ரிங்டோன். அங்கே பிளஸ் குறியோ 'போனிலிருந்து தேர்ந்தெடு' என்றோ ஒன்று இருக்கும். எம்பி3 ஃபைலைக் காட்டினால் முடிந்தது. ஆப் வேண்டாம். ஃபைலை மெமரி கார்டில் வைக்காமல் போனிலேயே ரிங்டோன்ஸ் ஃபோல்டரில் போடுங்கள். கார்டைக் கழற்றினால் பழைய டிரிங் டிரிங்குக்குத் திரும்பிவிட்டு, "தானா மாறிடுச்சுண்ணே" என்று என்னிடம்தான் வருகிறீர்கள்.

இன்னொரு கூத்து. காலேஜ் பையன் ஒருவன், ரிங்டோன் ஆப்பில் 'மூன்று நாள் இலவசம்' என்று ஆட்டோபே கொடுத்திருக்கிறான். பிறகு ஆப்பை அழித்துவிட்டான். வாரா வாரம் 199 ரூபாய் போய்க்கொண்டே இருந்தது. தம்பி, ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. ப்ளே ஸ்டோரில் சப்ஸ்கிரிப்ஷன் பக்கத்தில் போய் நிறுத்த வேண்டும். யுபிஐ ஆப்பிலும் ஆட்டோபே பட்டியலைப் பார்த்து ரத்து செய்ய வேண்டும். பெரியவர்கள் ரிங்டோன் என்று நினைத்துக் காலர் டியூனுக்குக் காசு கட்டுகிறார்கள். அது கூப்பிடுகிறவர் காதில் கேட்பது, உங்கள் போனில் ஒலிக்காது. கேட்காமலே போட்டுவிட்டார்கள் என்றால் 155223-க்கு அடித்து நிறுத்துங்கள். ஓடிபி திருடி பேங்கில் கைவைத்துவிட்டார்கள் என்றால் கடைக்கு வந்து நிற்காதீர்கள், முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.

இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். "சத்தம் பத்தலைண்ணே, 320-க்கு கன்வெர்ட் பண்ணிக் குடுங்க." இதை வாரத்துக்கு ஒருவராவது சொல்கிறார். எங்கிருந்து கிளம்பியதோ இந்தக் கதை! 320 கேபிபிஎஸ் என்பது ஒரு வினாடிப் பாட்டுக்கு எவ்வளவு தகவலைச் செலவழிக்கிறோம் என்ற கணக்கு. அது சத்தத்தின் அளவு இல்லை. ஏற்கெனவே 128-ல் சுருக்கி, கேட்காது என்று கழித்துப்போட்ட விவரங்கள் போனது போனதுதான். அதைத் திரும்ப 320 ஆக்குவது, மங்கிப்போன ரேஷன் கார்டு ஜெராக்ஸை ஏ3 தாளில் ஜெராக்ஸ் எடுப்பது மாதிரி. தாள் பெரிதாகும். அழிந்துபோன எழுத்து வருமா? ஃபைல்தான் வீங்கும். ஒருமுறை ஒரு அண்ணாச்சியிடம் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினேன். "இது நல்லா கேக்குதுல்ல?" என்றார். அவர் நல்லா கேட்பதாகச் சொன்னது 128.

அடுத்த கட்டமாக வால்யூம் பூஸ்டர். அதில் 300 சதவீதம் என்று ஏற்றினால் ஒலி அலையின் தலை மட்டமாக வெட்டுப்படும். கொரகொர என்று கேட்பது அதுதான். குறைந்த விலை போன்களில் அப்படியே ஓட்டினால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் சூடாகி, கடைசியில் சில்லறை குலுக்குகிற மாதிரி அதிரும். பிறகு ஸ்பீக்கர் மாற்ற வேண்டியதுதான். எனக்கு வியாபாரம்தான், ஆனாலும் சொல்கிறேன், வேண்டாம்.

சத்தம் வேண்டுமென்றால் பாட்டின் எந்த இடத்தை வெட்டுகிறோம் என்று பாருங்கள். போனில் இருப்பது விரல்நகம் அளவு ஸ்பீக்கர், கனத்த ஒலி அதில் வராது. நாதஸ்வரம் கேட்கும், தவிலில் கணீரென்ற வலந்தலைப் பக்கம் கேட்கும், கனத்து ஒலிக்கும் தொப்பிப் பக்கம் கேட்காது. மனுஷக் காதும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரைதான் கூர்மையாகக் கேட்கும். ஆகவே வயலின், குழல், பெண் குரல், குழந்தைக் குரல் என்றால் பஸ் ஸ்டாண்டிலும் காதில் விழும். டிரம்ஸ் அதிரும் பாட்டை வைத்துவிட்டுப் பாக்கெட்டில் போட்டால் மிஸ்டு கால்தான்.

முழுப் பாட்டையும் வைப்பவர்களுக்கு ஒன்று. மொபைலுக்கு வரும் கால் 30 வினாடி அடிக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019-ல் வரையறுத்தது. 20 வினாடி முன்னிசை ஓடினால் பல்லவிக்குப் பத்து வினாடிதான் மிஞ்சும், அதற்குள் கால் கட்டாகிவிடும். பாடுகிற இடத்திலிருந்து வெட்டுங்கள். கம்ப்யூட்டரில் பாட்டு வெட்ட ஆடாசிட்டி என்ற சாஃப்ட்வேர் இலவசம், இரண்டு நிமிட வேலை.

ஐபோன்காரர்களுக்கு ரிங்டோன் ஃபைலின் வடிவம் எம்4ஆர். எம்பி3 ஃபைலின் பெயரில் புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்துகளை மட்டும் மாற்றினால் எம்4ஆர் ஆகாது. எம்4ஏ ஃபைலை அப்படி மாற்றலாம், ஏனென்றால் இரண்டுக்கும் உள்ளே சரக்கு ஒன்றுதான். கராஜ்பேண்ட் என்பது ஆப்பிள் கம்பெனியே இலவசமாகத் தரும் ஆப், அதில் 30 வினாடிக்குள் வெட்டி ரிங்டோனாக எக்ஸ்போர்ட் செய்யலாம். ஐபோனின் ஐஓஎஸ் 26 பதிப்பு வந்த பிறகு அதுவும் தேவையில்லை, ஃபைலைத் தொட்டு ஷேரில் போனால் ரிங்டோனாக வைக்கும் வசதி அங்கேயே இருக்கிறது.

அந்த அம்மா போனுக்கு வருகிறேன். ஆப் தன் ஐகானை ஒளித்துவைத்திருந்தது. நாம் ஏற்றிய ஆப்கள் ஓடாத சேஃப் மோடில் போனை ஏற்றி, செட்டிங்ஸில் ஆப் பட்டியலைப் பிடித்து, கொடுத்த அனுமதிகளைப் பிடுங்கி அழித்தேன். பேங்க் கணக்கில் ஒன்றும் போகவில்லை, பார்த்துவிட்டேன். ஓபஸ் ஃபைலுக்கு கன்வெர்ட்டரே வேண்டியிருக்கவில்லை. வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் ஓஜிஜி என்ற டப்பாவில்தான் வருகிறது. பெயரில் புள்ளிக்குப் பின்னால் இருந்ததை ஓஜிஜி என்று மாற்றினேன், பட்டியலில் வந்து நின்றது. பையன் மெதுவாகப் பேசியிருந்ததால் கொர கொர வராத அளவுக்குக் கொஞ்சம் ஏற்றி, திரும்பத் திரும்ப ஒலிக்கும்போது மூச்சு விடட்டும் என்று கடைசியில் அரை வினாடி இடைவெளி விட்டேன்.

அப்படியும் சத்தம் மந்தம். ஸ்பீக்கர் சல்லடையை லென்ஸில் பார்த்தால், தீப்பெட்டி அட்டைத் தூசி சிமெண்டு பூசியது மாதிரி அடைத்திருக்கிறது. சத்தம் இல்லை என்று வரும் போன்களில் பாதிக்கு இதுதான் வியாதி. மாவு மில், டெய்லர் கடை, பூஜை அறை விபூதி, எல்லாம் அங்கே போய் உட்காரும். காய்ந்த பழைய டூத் பிரஷால், போனைக் கவிழ்த்துப் பிடித்து, மெதுவாகத் தேய்த்தால் போதும். குண்டூசி விட்டுக் குத்தாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். சல்லடை கிழிந்துவிடும்.

என் போனிலிருந்து அடித்துப் பார்த்தேன். "ஆச்சி, போனை எடு ஆச்சி." கடை முழுக்கக் கேட்டது. அந்த அம்மா எடுக்கவே இல்லை.

"எடுங்கம்மா."

"எடுத்தா நின்னுருமே தம்பி."

சாயங்காலம் வேலை விட்டதும் திரும்ப வந்துவிட்டார். பேரன் கூப்பிட்டபோது பழைய சத்தமே வந்ததாம். அவன் வாட்ஸ்அப்பில் கூப்பிடுகிறான், அதற்கு வாட்ஸ்அப் செட்டிங்ஸில் நோட்டிபிகேஷனுக்குள் போய்த் தனியாக டோன் மாற்ற வேண்டும். அதைக் கேட்காமல் அனுப்பியது என் தப்பு.