வளைவில் மூச்சு வாங்கும் பொம்மை ரயில்

தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "துரை பங்களாவில் ஆயா வேலை பார்த்த என் பாட்டிக்கு, துரை குடும்பம் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன லெகோ ரயில் பெட்டி வீட்டில் இருக்கிறது. நீலத் தண்டவாளம், வெள்ளைக் கட்டைகள், பேட்டரியில் ஓடும் வண்டி. பிள்ளைகளுக்குப் பூட்டிக் கொடுத்தேன். நேர்ப்பாதையில் நன்றாக ஓடுகிறது. வளைவில் நுழைந்ததும் மூச்சு வாங்குகிறது, சில நேரம் நின்றே போகிறது. மோட்டார் போய்விட்டதா?"

மோட்டார் போகவில்லை. போயிருந்தால் நேர்ப்பாதையிலும் ஓடாது. உங்கள் ரயில் வளைவில் திணறுவதற்கு முதல் காரணம் வடிவியல். நிஜ ரயிலுக்கும் அதே தொல்லை உண்டு. நிஜ ரயில் அதிலிருந்து தப்பிக்கும் விதம், பொறியியலிலேயே மிக அழகான யோசனைகளில் ஒன்று.

முதலில் பெட்டியைப் பற்றி. மோட்டார் வைத்த லெகோ ரயில்கள் 1966-ல் வந்தன. மூன்று 1.5 வோல்ட் பேட்டரிகள், மொத்தம் 4.5 வோல்ட். 1969-ல் 12 வோல்ட் வகை வந்தது. அதில் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே மின்சாரத்துக்கென்று தனிக் கம்பிப்பாதை இருக்கும். 1980-ல் தண்டவாளம் சாம்பல் நிறத்துக்கு மாறியது. 1991-ல் வந்த 9 வோல்ட் வகையில் தண்டவாளமும் கட்டையும் ஒரே துண்டாகிவிட்டன. பூட்டுவது சுலபமாயிற்று. ஆனால் படிக்கும் பிள்ளைக்கு அதனால் நட்டம்தான். நீலப் பெட்டியில் இடது தண்டவாளம் வேறு, வலது தண்டவாளம் வேறு, சிலிப்பர் கட்டை வேறு. எல்லாவற்றையும் கழற்றிக் கையில் வைத்துப் பார்க்கலாம். பள்ளிக்கு ஒன்று வாங்கிக் கொடுக்க நினைப்பவர்களுக்கு நான் நீலத்தைத்தான் சொல்வேன்.

வழக்கமான பழுதுகளை விரைவாகப் பார்த்துவிடுவோம். பேட்டரிப் பெட்டிக்குள் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது. ஆல்கலைன் பேட்டரியின் கசிவு காரத் தன்மை கொண்டது. பஞ்சில் இரண்டு சொட்டு வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பழைய கார்பன்-துத்தநாக பேட்டரியின் கசிவு அமிலத் தன்மை கொண்டது. அதற்கு வினிகர் உதவாது, சமையல் சோடா கரைத்த தண்ணீர் வேண்டும். தொடுதகடு துருப்பிடித்திருந்தால் பளபளப்பு தெரியும் வரை சுரண்டிவிடுங்கள். பிளாஸ்டிக் துண்டுகளை 40 டிகிரிக்கு மேல் சூடான நீரில் போடக்கூடாது, நெளிந்துவிடும். வெயிலிலும் காயவைக்காதீர்கள், புற ஊதாக் கதிர் நிறத்தைக் கெடுக்கும். 12 வோல்ட் பெட்டி வைத்திருப்பவர்கள் அதோடு வந்த ஐரோப்பிய மின்மாற்றியை நேரே சுவரில் செருகிவிட வேண்டாம். 220 வோல்ட் என்று எழுதியிருந்தால், நம் வீட்டு மின்சாரம் 240 வோல்ட் வரை வரும்போது அது ஒன்பது விழுக்காடு அதிகமாகத் தரும். அதைவிட, வயரின் மேலுறை பல ஆண்டு வெப்பத்தில் காய்ந்து நொறுங்கும் நிலையில் இருக்கலாம். புதிய 12 வோல்ட் நேர்மின்சார அடாப்டர் போதும்.

இனி வளைவுக்கு வருவோம்.

வளைந்த தண்டவாளத் துண்டுகளை எடுத்துப் பாருங்கள், இரண்டு வகை இருக்கும். உள்பக்கத்துக்கு ஒன்று, வெளிப்பக்கத்துக்கு ஒன்று. இரண்டையும் ஒரு நூலால் அளந்து நூல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வெளித்துண்டின் நூல் ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் நீளமாக இருக்கும். பதினாறு ஜோடி சேர்ந்தால் ஒரு முழு வட்டம். அப்படியானால் ஒரு சுற்றுக்கு வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 16 × 15, அதாவது 24 சென்டிமீட்டர் கூடுதலாக ஓட வேண்டும்.

கணக்கிலும் அதே விடைதான். இரு தண்டவாளங்களுக்கு இடைவெளி சுமார் 38 மில்லிமீட்டர். வெளிவட்டத்தின் சுற்றளவிலிருந்து உள்வட்டத்தின் சுற்றளவைக் கழித்தால் ஆரம் அடிபட்டுப் போகும், 2π × 38 மட்டும் மிஞ்சும். சுமார் 239 மில்லிமீட்டர். ஆரம் அடிபட்டுப் போவதைக் கவனியுங்கள். உங்கள் வட்டம் 32 சென்டிமீட்டர் ஆரம் உடையது. அதையே திடல் அளவுக்குப் பெரிதாக்கினாலும், பூமத்திய ரேகையைச் சுற்றித் தண்டவாளம் போட்டாலும் வித்தியாசம் அதே 24 சென்டிமீட்டர்தான். 1885-ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடத் தொடங்கிய நாள் முதல் நம் மலேசியாவின் முதன்மை ரயில் பாதையின் அகலம் ஒரு மீட்டர். அந்த ரயில் ஒரு முழு வட்டம் அடித்தால் வெளிச்சக்கரம் 6.28 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும், வட்டம் எவ்வளவு பெரிதானாலும் சரி.

கார் என்றால் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழலலாம். ரயிலில் அது முடியாது. இரு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்டவை. இது ஒரு சுற்று சுற்றினால் அதுவும் ஒரு சுற்று. பிறகு எப்படி ஒன்று மட்டும் அதிக தூரம் போகும்?

இரண்டு காகிதக் குவளைகளை எடுத்துக்கொள்ளுங்கள், கடையில் கோப்பி கட்டிக் கொடுப்பார்களே, அந்த மாதிரி. வாயும் வாயும் ஒட்டும்படி வைத்து டேப் சுற்றுங்கள். நடுவில் பருத்து, இரு முனையிலும் சிறுத்த ஓர் உருளை கிடைக்கும். இரண்டு பிரம்புகளைக் குவளையின் நீளத்தைவிடக் குறைந்த இடைவெளியில் இணையாக வைத்து, லேசான சரிவில் அதை உருட்டிவிடுங்கள். கோணலாக வைத்துத்தான் விடுங்கள். கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது என்று அசைந்து, தானே நடுவுக்கு வந்து கீழே போய்ச் சேரும். இப்போது டேப்பைப் பிரித்து, அடியும் அடியும் ஒட்டும்படி மாற்றுங்கள். நடுவில் சிறுத்து, முனைகளில் பருத்த உருளை. அது பாதி தூரம்கூடப் போகாது, விழுந்துவிடும்.

காரணம் இதுதான். முதல் உருளை வலப்பக்கம் நகர்ந்தால், வலப் பிரம்பின்மேல் அதன் பருத்த பகுதி வந்து உட்காரும். இடப் பிரம்பின்மேல் சிறுத்த பகுதி. ஒரே சுற்றில் பருத்த பக்கம் அதிக தூரம் போகும். ஆகவே உருளை இடப்பக்கம் திரும்பும், நடுவுக்கு வரும். ஓட்டுநரும் இல்லை, திருப்புகோலும் இல்லை. தவறே தன்னைத் திருத்திக்கொள்கிறது. இரண்டாவது உருளையில் எல்லாம் தலைகீழ். விலகல் விலகலைக் கூட்டும்.

நிஜ ரயில் சக்கரம் அந்த முதல் உருளைதான். தட்டையாகத் தெரியும் அதன் ஓடுபரப்பு, வழக்கமாக இருபதுக்கு ஒன்று என்ற சாய்வில் கூம்பாகக் கடையப்பட்டிருக்கும். உள்பக்கம் பருமன், வெளிப்பக்கம் ஒல்லி. வளைவு வந்ததும் சக்கர ஜோடி நேரே போகப் பார்க்கும், தண்டவாளம் அதன் அடியில் திரும்பிக்கொண்டிருக்கும். அதனால் ஜோடி வெளிப்பக்கம் சற்று ஒதுங்கும். வெளிச்சக்கரம் பருத்த பகுதியில் ஓடும், உள்சக்கரம் ஒல்லிப் பகுதியில் ஓடும். 6.28 மீட்டர் கணக்கு வழுக்கலே இல்லாமல் நேராகிவிடும். ரயிலைத் தண்டவாளத்தில் பிடித்து வைப்பது சக்கரத்தின் உள்விளிம்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நேர்ப்பாதையிலும் அகன்ற வளைவுகளிலும் அந்த விளிம்பு தண்டவாளத்தைத் தொடுவதே அரிது. அது கடைசிக் காவல் மட்டுமே.

எவ்வளவு ஒதுங்க வேண்டும்? சக்கர ஆரத்தைப் பாதை அகலத்தின் பாதியால் பெருக்கி, வளைவு ஆரத்தாலும் சாய்வாலும் (1/20) வகுத்தால் விடை. சக்கர ஆரம் 43 சென்டிமீட்டர், பாதை அகலம் ஒரு மீட்டர், வளைவு ஆரம் 1000 மீட்டர் என்று வைத்தால் 4.3 மில்லிமீட்டர் போதும். வளைவு ஆரம் 300 மீட்டராகக் குறைந்தால் 14 மில்லிமீட்டர் வேண்டும், அவ்வளவு இடம் கிடைக்காது. அப்போதுதான் விளிம்பு உரசும். சக்கரம் பக்கவாட்டில் பற்றும், வழுக்கும், மீண்டும் பற்றும். இறுக்கமான வளைவில் ரயில் எழுப்பும் அந்தக் கீச்சொலி அங்கிருந்துதான் வருகிறது. 1906-ல் டேனிஷ் பொறியாளர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் தொடங்கிய ஜெண்டாராட்டா தோட்டத்தில் செம்பனைக் குலைகளை ஆலைக்கு இழுத்துச் செல்லும் குட்டி ரயிலைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. (லெகோவும் டென்மார்க்கிலிருந்து வந்ததுதான்.)

அதே சூத்திரத்தில் உங்கள் பொம்மையைப் போட்டுப் பாருங்கள். சக்கர ஆரம் ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர், வளைவு ஆரம் 320. இருபதுக்கு ஒன்று சாய்வு கொடுத்தாலும் சக்கரம் 10 மில்லிமீட்டர் ஒதுங்க வேண்டிவரும். தண்டவாளத்துக்கும் விளிம்புக்கும் இடையில் அவ்வளவு இடம் எங்கே? ஆகவே கூம்பு இங்கே உதவாது. வட்டத்தை ஒரு முறை சுற்றி வரும்போதெல்லாம் மோட்டாரின் சக்கர ஜோடி 24 சென்டிமீட்டர் வழுக்கியே தீரும். வளைவில் அது மூச்சு வாங்குவது இந்த உராய்வைச் சுமப்பதால்தான்.

வேகம் குறைவது இயல்பு. நின்றுபோவதுதான் பழுது. பின்னால் வரும் வண்டிகளில் ஒரு சக்கரத்தை விரலால் சுற்றுங்கள். எதிர்ச்சக்கரமும் கூடச் சுற்றினால் அந்த ஜோடியும் வழுக்கும் கணக்கில் சேரும். தனித்தனியாகச் சுற்றினால் நல்லது. அச்சில் தலைமுடியும் பஞ்சும் சுற்றியிருக்கும், ஊசியால் எடுத்துவிடுங்கள். இழுவைச் சக்கரத்தின் ரப்பர் வளையத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் விழவில்லை என்றால் இறுகிவிட்டது. ஒட்டுப்பால் பொறுக்கிய கைகளுக்கு ரப்பரின் சுபாவம் தெரியும். இழுத்துப் பிடித்த ரப்பரைக் காற்றிலுள்ள ஓசோன் குறுக்கே வெடிக்கச் செய்யும். சக்கரத்தில் மாட்டிய வளையம் எப்போதும் இழுபட்ட நிலையில்தானே இருக்கிறது. ஹார்டுவேர் கடைக்குச் சக்கரத்தையே கொண்டுபோய், பள்ளத்தின் விட்டத்தைவிடச் சற்றே சிறிய ரப்பர் வளையம் வாங்குங்கள். தடிமன் அதிகமானால் சக்கரம் தூக்கிக்கொண்டு தடம் புரளும்.

ரப்பர் என்றதும் மனதில் உறுத்தும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் ரப்பர் ஆராய்ச்சிக்கென்று 1925-லேயே ஒரு கழகம் அமைத்தார்கள். சுங்கை பூலோவில் அதன் பரிசோதனைத் தோட்டம் இருந்த நிலம் இன்று குவாசா டமன்சாரா நகரமாகிக்கொண்டிருக்கிறது. ஒரு மரத்தை முப்பது ஆண்டுகள் கவனித்துத்தான் சில கேள்விகளுக்கு விடை காண முடியும். அப்படிப்பட்ட நிலத்தை வீட்டுமனைக் கணக்கில் பார்ப்பது பெரிய இழப்பு என்பது என் உறுதியான கருத்து.

ரயில் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் தடம் புரண்டால், "அந்த இடமே சரியில்லை" என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. சாலை விபத்துக்கும் அதையே சொல்கிறோம். சொல்லிவிட்டு எலுமிச்சம்பழம் வைப்பதோடு நிறுத்திவிடுகிறோம், அதுதான் எனக்கு வருத்தம். சோதித்துப் பார்க்க வழி இருக்கிறதே! அந்த இடத்துத் தண்டவாளத் துண்டைக் கழற்றி வட்டத்தின் எதிர்ப்பக்கத்தில் போடுங்கள். கோளாறும் கூடவே அங்கே போனால் துண்டில் குறை. பழைய இடத்திலேயே நின்றால் தரையில் குறை. தோட்டத்து வீடுகளில் கழுவிவிட வசதியாக வாட்டம் வைத்துத்தான் சிமெண்டுத் தரை பூசுவார்கள். எண்பதுக்கு ஒன்று வாட்டம்கூட 4.5 வோல்ட் மோட்டாருக்கு மலையேற்றம். பலகை போட்டு மட்டம் பாருங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் வளைவில் திணறினால் ஒரு வழி இருக்கிறது. லெகோ அந்தக் காலத்தில் ஒரே ஆரத்தில்தான் வளைவு செய்தது. அகன்ற வளைவு வாங்கக் கிடைக்காது, நீங்களே செய்யலாம். ஒரு வளைவு, ஒரு நேர்த்துண்டு, ஒரு வளைவு, ஒரு நேர்த்துண்டு என்று மாற்றி மாற்றிப் பூட்டுங்கள். நேர்த்துண்டின் நீளம் 128 மில்லிமீட்டர். பதினாறு ஜோடி வளைவுக்கு நடுவே பதினாறு ஜோடி நேர்த்துண்டு, அதாவது 32 தண்டவாளம் வேண்டும். சுற்றளவு 2 மீட்டரிலிருந்து 4 மீட்டராகும், குறுக்களவு சுமார் 1.3 மீட்டர். கூடத்தில் பாயைச் சுருட்டிவிட்டால் இடம் போதும். சராசரி வளைவு பாதியாகும், ஆகவே ஒவ்வொரு அடி தூரத்துக்கும் வழுக்கல் பாதியாகும். ரயில் தடங்கலின்றிச் சுற்றி வரும். பிள்ளைகளைக் கூப்பிட்டு மறுபடியும் நூல் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். உள்வட்டமும் வளர்ந்திருக்கும், வெளிவட்டமும் வளர்ந்திருக்கும், இரண்டுக்கும் நடுவே அந்த 24 சென்டிமீட்டர் மட்டும் அப்படியே இருக்கும்.