எத்தனை முறைதான் ‘வரலாறு காணாத’ மழை?

‘வரலாறு காணாத மழை’ என்று வருடம் தவறாமல் செய்தி வருகிறதே, நிஜமாகவே கூடிவிட்டதா, நமக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடாதா? அங்கேதான் சிக்கல். ஓரிடத்தில் பத்தாண்டுக்குச் சராசரியாக 2 பெருமழை என்று வைத்துக்கொள்வோம். அரிதாகத் தற்செயலாய் நிகழ்பவை எத்தனை முறை நிகழும் என்று கணிக்கும் பாய்சான் பரவலின்படி, வானிலை துளியும் மாறாவிட்டாலும் ஏறத்தாழ ஏழில் ஒரு பத்தாண்டில் நான்கோ அதற்கு மேலோ பெய்துவிடும். ‘இரு மடங்காகிவிட்டது!’ என்று அலறுவதற்கு முன் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

போக்கைக் கண்டுபிடிக்க மான்–கெண்டால் சோதனை போன்ற முறைகள் உண்டு. எனக்குப் பிடித்தது வேறு. காகிதமும் பென்சிலும் போதும்.

ஒவ்வோர் ஆண்டும் ஒரே நாளில் கொட்டிய அதிகபட்ச மழையை வரிசையாக எழுதுங்கள். முதல் ஆண்டு எப்படியும் உச்சம்தான், போட்டிக்கு ஆளில்லை. இரண்டாம் ஆண்டு அதை முறியடிக்கப் பாதி வாய்ப்பு. மூன்றாம் ஆண்டுக்கு மூன்றில் ஒன்று. வானிலை மாறவில்லையென்றால் மூன்றில் எது பெரியது என்பது வெறும் குலுக்கல்தானே? இப்படியே நூறாம் ஆண்டுக்கு நூறில் ஒன்று. 1 + 1/2 + 1/3 என்று 1/100 வரை கூட்டினால் 5.19. நூறு ஆண்டில் ஐந்தே ஐந்து ‘வரலாறு காணாத’ மழை! அதிலும் பாதிக்கு மேல் முதல் பத்தாண்டிலேயே தீர்ந்துவிடும். கடைசி ஐம்பது ஆண்டுக்கு மிஞ்சுவது ஒன்றுக்கும் குறைவு. மழையளவு எந்தப் பரவலில் அமைகிறது என்று யாரும் கேட்கவே இல்லை, கவனித்தீர்களா?

அப்புறம், அதே பட்டியலைக் கடைசி ஆண்டிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். குலுக்கலுக்குத் திசை கிடையாது. சராசரியாக அதே ஐந்துதான் வர வேண்டும். முன்னோக்கி ஒன்பது, பின்னோக்கி இரண்டு என்றால் ஏதோ நகர்கிறது. புள்ளியியலாளர்கள் ஃபாஸ்டரும் ஸ்டூவர்ட்டும் 1954இல் உச்சங்களை எண்ணும் இந்த யோசனையை முறையான சோதனையாக்கினார்கள். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், 2000களில் அமெரிக்காவில் உடைந்த தினசரி வெப்பச் சாதனைகள் குளிர்ச் சாதனைகளைப்போல் சுமார் இரு மடங்கு. மாறாத வானிலையில் இரண்டும் சமமாக இருந்திருக்கும்.

மழைமானியை நடுவில் இடம் மாற்றியிருந்தால் எல்லாம் பாழ். செயற்கைக்கோளுக்குப் போகும் பணத்தில் ஒரு துளியாவது பழைய மழைப் பேரேடுகளைக் கணினியில் ஏற்றுவதற்கு வரக்கூடாதா என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

சரி, வாசகரின் கேள்வி. நூறாண்டுப் பேரேடு உள்ள ஆயிரம் நிலையங்கள் இருந்தால், எதுவுமே மாறாவிட்டாலும் ஆண்டுக்குச் சராசரியாகப் பத்து இடங்களில் உச்சம் உடையும். அதனால் செய்தி வருவதில் வியப்பில்லை. அது பத்து இடத்திலிருந்து வருகிறதா, முப்பது இடத்திலிருந்தா என்றுதான் எண்ண வேண்டும்.